வீட்டு வாசலும் ஆலை வாசலும்: தொழிலாளரை எண்ணிய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

1992 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய அரசு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 160-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 'தொழிலாளர் புள்ளிவிவர உடன்படிக்கை, 1985' என்று அதற்குப் பெயர். பரபரப்பான செய்தியல்ல. சோவியத் யூனியன் கலைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1991 ஜூலையில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை 'ஆட்குறைப்பு' என்பதை அன்றாடச் சொல்லாக ஆக்கிக்கொண்டிருந்தது. வேலை இழப்போரின் பெயரால் 'தேசியப் புதுப்பித்தல் நிதி' ஒன்று அந்தப் பிப்ரவரியில்தான் உருவாகியிருந்தது. இதற்கு நடுவில் ஒரு புள்ளிவிவர உடன்படிக்கையைப் போய் யார் படிப்பார்கள்?

படித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஏனென்றால் இந்த உடன்படிக்கை ஒரு வினோதமான பிரதி. அதன் முதற்பகுதி பொதுக்கடமைகளைச் சொல்கிறது: அடிப்படைத் தொழிலாளர் புள்ளிவிவரங்களைத் திரட்டு, தொகு, வெளியிடு, வரையறைகளை வகுக்கும்போது சர்வதேச அளவுகோல்களைக் கணக்கில் கொள், தொழிலாளர், முதலாளிகள் அமைப்புகளைக் கலந்துபேசு. இரண்டாம் பகுதியில் ஒன்பது ஷரத்துகள். ஏழாவது, வேலைவாய்ப்பும் வேலையின்மையும். எட்டாவது, உழைக்கும் மக்கள்தொகையின் அமைப்பும் பரவலும். ஒன்பதாவது, கூலியும் வேலை நேரமும். பத்தாவது, கூலி அமைப்பு. பதினொன்றாவது, முதலாளிக்கு ஆகும் உழைப்புச் செலவு. பன்னிரண்டாவது, நுகர்வோர் விலைக் குறியீட்டெண். பதின்மூன்றாவது, குடும்பச் செலவு. பதினான்காவது, வேலையில் ஏற்படும் காயங்களும், முடிந்தவரை, தொழில்சார் நோய்களும். பதினைந்தாவது, தொழில் தகராறுகள்.

ஒரு நாடு இந்த ஒன்பதையும் ஏற்க வேண்டியதில்லை. எவற்றை ஏற்கிறோம் என்று குறிப்பிட்டால் போதும் என்கிறது பதினாறாவது ஷரத்து. ஓட்டலில் மெனு கார்டைப் பார்த்துச் சொல்வதுபோல. இந்தியா ஒன்றே ஒன்றைச் சொன்னது: எட்டாவது.

எட்டாவது ஷரத்து கேட்பது என்ன? எத்தனை பேர் உழைக்கிறார்கள், ஆணா பெண்ணா, எந்த வயது, எந்தத் தொழில், எந்த மாவட்டம் என்ற பரவல் கணக்கு. நம் நாட்டில் நடைமுறையில் அது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எடுத்துவருவதுதான். புதிதாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லாத ஒன்றை அரசு சர்வதேச வாக்குறுதியாகக் கொடுத்தது.

தொழிலாளரை எண்ண இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று வீட்டு வாசல்: கணக்கெடுப்பவர் தெருவில் வந்து, 'வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வேலை' என்று கேட்பார். இன்னொன்று ஆலை வாசல்: உள்ளே எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன கூலி, யாருக்கு அடிபட்டது. விலைக் குறியீட்டெண்ணைக் கடைவீதிக் கணக்கு என்று தனியே வைத்துக்கொள்ளலாம். எட்டாவது ஷரத்து வீட்டு வாசலைச் சேர்ந்தது. ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது, பதினான்காவது, பதினைந்தாவது ஆகியவை பெரும்பாலும் ஆலை வாசலைச் சேர்ந்தவை. வீட்டு வாசலில் எண்ணுவதாக உலகத்திடம் வாக்குக் கொடுத்த அரசு, ஆலை வாசலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறேன்.

2

நான் குடியிருப்பது வேப்பம்பட்டு. சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஊர். தொழிற்பேட்டை கிடையாது, தொழிற்பேட்டைகளுக்குப் போய்வருகிறவர்கள் தூங்கும் ஊர். கிழக்கே ஆவடி, அம்பத்தூர். மேற்கே காக்களூர். தெற்கே திருமழிசை. வடக்கே தள்ளிக் கும்மிடிப்பூண்டி. விடியற்காலை யூனிட் வண்டியில் டிபன் கேரியரோடு ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால், மேலே சொன்ன இரண்டு வாசல்களுக்கும் இடையிலான தூரம் என்ன என்பது புரியும். இந்தக் கூட்டத்தின் வீடு ஒரு கணக்கில் வருகிறது. அவர்கள் போய்ச் சேருகிற இடம் வேறொரு கணக்கில் வருகிறது, அல்லது வராமல் போகிறது.

இந்தப் பகுதி 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்திய அளவில் கம்பெனி அரசு மிக முன்னதாகக் கணக்கெடுத்த பிரதேசங்களில் செங்கல்பட்டு ஜாகிரும் ஒன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். நஞ்சை, புஞ்சை, ஏரி, சாதிவாரியாக வீடுகள், யார் யாருக்கு என்ன மானியம் என்றெல்லாம் எழுதப்பட்டது. சேரியின் வீடுகளும் அதில் உண்டு. ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்களின் உழைப்பு அந்த ஏட்டில் நிலத்தின் விளைச்சலாகவே பதிவாகிறது. கலத்தைக் கணக்கிட்ட கை, களத்தில் நின்றவனைக் கணக்கிடவில்லை. படியாள் நிலத்தின் ஓர் உறுப்பு. நிலத்தை எண்ணினால் அவனை எண்ணியதாயிற்று.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து இந்த ஏற்பாட்டில் ஓர் உடைப்பு நிகழ்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கூலி எவ்வளவு, கடன் எப்படி அடிமைத்தனமாகிறது, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருப்பதால் வாய்திறக்க முடியாமல் போவது எப்படி என்றெல்லாம் அதில் வருகிறது. 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணையும், பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற ஒதுக்கீடும் அதன் தொடர்ச்சி. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் இறந்தபோது இந்த அரசாணை திரும்பவும் பேசப்பட்டது. நம்மில் பலர் அதை நில ஆவணமாக மட்டும் வாசித்தோம். இந்த மாவட்டத்தில் தொழிலாளர் புள்ளிவிவரம் என்று எதையாவது முதலில் சொல்வதானால் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் வாசிப்பு. அது கூலியையும் கடனையும் சாதியையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1918-இல் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்றார்கள். 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை ஏற்படுத்தியது. பெயரைப் பார்த்தால் ஆலைத் தொழிலாளருக்காக என்று தோன்றும். ஆனால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முக்கியப் பணி 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' முன்னேற்றம்: மனைப்பட்டா, கிணறு, பள்ளிக்கூடம். பின்னர் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் அந்தத் துறையின் கீழ் வந்தார்கள். ஆக, 1920-களின் சென்னைக் கோப்புகளில் 'லேபர்' என்ற சொல் பெரும்பாலும் ஒரு சாதியின் மறுபெயர். அதே ஆண்டுகளில் ஜெனீவாவில் அந்தச் சொல்லுக்கு ஆலையில் கூலி வாங்கும் ஆண் என்று பொருள். விடுதலைக்குப் பின் ஹரிஜன நலத்துறை தனியாகப் பிரிந்தபோது சொல் சுத்தமாகிவிட்டது. தொழிலாளர் துறையில் சாதி இல்லை, நலத்துறையில் உழைப்பு இல்லை. இன்று தொழிற்பேட்டைகளில் காண்ட்ராக்ட் ஆள் எந்தச் சேரியிலிருந்து, எந்த மாநிலத்தின் எந்தச் சாதியிலிருந்து வருகிறான் என்பதற்குத் தொழிலாளர் கணக்கில் கட்டமே இல்லாமல் போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

3

ஜெனீவாவின் கதை 1919-இல் தொடங்குகிறது. இந்தியா அந்த அமைப்பின் தொடக்க உறுப்பினர். 1923-இல் முதல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு கூடியது. அங்கே பேசப்பட்டது கணிதமல்ல. கூலி, விலைவாசி, வேலைநிறுத்தம் ஆகியவற்றை நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எப்படி என்பதே பிரச்சினை. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய அச்சம் இந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவிலும் எண்ணும் அலுவலகங்கள் போராட்டத்தின் காலடியில்தான் பிறந்தன. பம்பாயில் வேலைநிறுத்தங்கள் அலையலையாக எழுந்த பிறகு 1921-இல் அங்கே தொழிலாளர் அலுவலகம் திறக்கப்பட்டது. 1929-இல் அமர்த்தப்பட்ட விட்லி கமிஷன் 1931-இல் கொடுத்த அறிக்கையில் தொழிலாளர் பற்றிய விவரங்கள் போதாமல் இருப்பதைச் சொல்லி, அவற்றைத் திரட்டச் சட்டம் வேண்டும் என்றது. 1942-இல் தொழிற்புள்ளிவிவரச் சட்டம் வந்தது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1944-இல், ரெகே தலைமையில் தொழிலாளர் நிலைமை விசாரணைக் குழு அமைந்தது. 1946 அக்டோபரில் சிம்லாவில் லேபர் பீரோ தொடங்கியது. 1950-இல் மகலனோபிஸ் முன்முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு. 1959-இலிருந்து ஆண்டுதோறும் தொழிற்சாலைகள் ஆய்வு.

இந்தப் பட்டியலை அடுக்கக் காரணம் உண்டு. 'ஏழை நாடு, எண்ணுவதற்கு வசதியில்லை, அதனால் ஒரு ஷரத்தோடு நிறுத்திக்கொண்டது' என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அது செல்லாது. மாதிரி ஆய்வு முறையில் இந்தியா உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு. தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணை லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இப்போதைய வரிசையில் சென்னை உட்பட 88 மையங்கள் உள்ளன. அப்படியும் குறியீட்டெண்ணுக்கான பன்னிரண்டாவது ஷரத்தை ஏற்கவில்லை. செய்கிற வேலையைக்கூட வாக்குறுதியாகத் தர மறுப்பது இயலாமையில் வராது. வாக்குறுதி கொடுத்தால் ஒருவன் வந்து 'எங்கே?' என்று கேட்பான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை கேட்கும். சங்கங்கள் தங்கள் கருத்தைத் தனியே அனுப்பலாம். கேட்கப்படுகிற உரிமையை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

அந்தக் குறியீட்டெண்ணிலேயே இதற்கு நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. பஞ்சப்படி அதோடு கட்டப்பட்டிருப்பதால் ஒவ்வொரு புள்ளியும் பைசாவாக மாறும். 1963-இல் பம்பாய்த் தொழிலாளர்கள், கடையில் ஏறிய விலை குறியீட்டெண்ணில் ஏறவில்லை என்று தெருவுக்கு வந்தார்கள். லக்டவாலா தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. அரசின் எண் உண்மையான விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது என்பது வெளிப்பட்டு, எண் திருத்தப்பட்டது, பஞ்சப்படி ஏறியது. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டுவந்த குமாஸ்தாவின் தாள்வரை தொழிற்சங்கங்கள் துருவின. புள்ளிவிவரத்தின் மீது தொழிலாளர் வர்க்கம் கைவைத்து ஜெயித்த தருணம் அது. கூலி வாங்குகிறவனுக்கு எண் புரியாது என்பதெல்லாம் படித்தவர்களின் கற்பனை.

4

இப்போது ஆலை வாசலுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் இது 20, 40 என்று இரட்டிப்பாகிவிட்டது. ஒரே நாள். ஒரு பட்டறையும் இடம் மாறவில்லை, ஒரு மெஷினும் நிற்கவில்லை. நேற்று தொழிற்சாலையாக இருந்த பதினைந்து பேர் பட்டறை இன்று தொழிற்சாலையாக இல்லை. நாளை அங்கே ஒருவன் கை போனால் அது தொழிற்சாலை விபத்தா? விபத்துகள் குறைந்துவிட்டதாக ஓர் அறிக்கை வந்தால், குறைந்தது விபத்தா வரையறையா என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது.

'தொழிலாளர்' யார் என்ற வரையறையும் இப்படித்தான். 1976-இல் பழைய சட்டத்தைத் திருத்தியபோது காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வைக்கப்பட்டவரும், முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ வைக்கப்பட்டவரும் தொழிலாளரே என்று சேர்த்தார்கள். 'தெரிந்தோ தெரியாமலோ' என்ற தொடர் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. தன் கூரைக்குக் கீழே யார் வேலை செய்கிறான் என்று தெரியாமல் ஒரு முதலாளி இருக்க முடியும் என்பதைச் சட்டமே அறிந்து வைத்திருக்கிறது. ஆனால் கணக்கை எழுதி அனுப்பும் பொறுப்பு அந்தத் 'தெரியாத' முதலாளியிடம்தான்! ஆண்டறிக்கைப் படிவத்தை நிரப்புபவர் அவர். அனுப்பாத ஆலைகளும் உண்டு. பதிவான ஆலைகளின் தொழிலாளரில் காண்ட்ராக்ட் ஆட்கள் 1990-களின் இறுதியில் ஏறத்தாழ 16 சதவீதம். 2022-23-இல் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். இது கணக்கில் வந்த காண்ட்ராக்ட் ஆட்கள் மட்டும்.

விபத்துக்கு வருகிறேன். மரணம் என்றாலோ, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயம் என்றாலோ ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் தெருவில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்த ஒருவர் மேற்கே ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். பவர் பிரஸ்ஸில் வலது கை இரண்டு விரல்கள் போய்விட்டன. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்னது இது: "மேஸ்திரிதான் தம்பி ஆட்டோல தூக்கினு போயி தனியார் ஆஸ்பத்திரில தையல் போட்டாரு. ஈ.எஸ்.ஐ.க்குப் போலாம்ணேன்னேன். அங்க போனா ரெக்கார்டு ஆயிடும்டான்னாரு. அப்பறம் போயி கேட்டா, அன்னிக்கி நீ வேலைக்கே வரலன்றாங்க." கொஞ்சம் பணம் கொடுத்தார்களாம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'ரெக்கார்டு ஆயிடும்.' மேஸ்திரி சொன்ன இந்த இரண்டு வார்த்தைகளில் புள்ளிவிவரத்தின் அரசியல் முழுவதும் இருக்கிறது. பதிவுதான் காயத்தைச் சட்டத்தின் முன் காயமாக்குகிறது. பதிவில்லாத காயம் துரதிர்ஷ்டம். இதை ஃபூக்கோவைப் படிக்காத மேஸ்திரி நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

நாடு முழுவதும் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,100 பேருக்குச் சற்று அதிகமானோர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. தினம் மூன்று பேர். இதுவே பயங்கரமான எண். இதில் கட்டடத் தொழிலாளி இல்லை. 2014 ஜூலை 6 விடியலில் நம் மாவட்டத்தில் செங்குன்றம் அருகே கிடங்குச் சுவர் இடிந்து, ஒட்டியிருந்த குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் 11 பேர் மாண்டார்கள். வேலையிடத்தில் இறந்தார்களா, வீட்டில் இறந்தார்களா? வேலையிடமே வீடாக இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு என்ன பதில்? 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நிவாரணம் அறிவிக்கப்பட்டது; செய்தி வந்தது; இவர்களும் தொழிற்சாலை விபத்து வரிசையில் வரமாட்டார்கள். பதினான்காவது ஷரத்து கேட்பது இதைத்தான்: காயங்களின் கணக்கு நாடு முழுவதையும் குறிப்பதாக இருக்க வேண்டும், முடிந்தவரை எல்லாத் தொழில்களையும் உள்ளடக்க வேண்டும். இந்தியா ஏற்காமல் விட்டது இதை.

5

சரி, வீட்டு வாசலிலாவது ஒழுங்காக எண்ணினோமா?

1961 கணக்கெடுப்பில் பெண்களில் உழைப்போர் 28 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். 1971-இல் அது ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பத்தாண்டில் இந்தியப் பெண்கள் பாதிப்பேர் வயலைவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்களா என்ன? கேள்வி மாறியதுதான் பெரும்பகுதி காரணம். 'உன் முக்கிய வேலை என்ன' என்று கேட்டார்கள். பதில் சொன்ன ஆண், 'வீட்டு வேலை' என்றான். 1991-இல்தான் குடும்ப நிலத்திலும் தொழிலிலும் சம்பளமில்லாமல் உழைப்பதும் வேலையே என்று கேள்வியிலேயே சேர்த்தார்கள். பெண்கள் அமைப்புகளின் வற்புறுத்தல் அதற்குப் பின்னால் இருந்தது.

தேசிய மாதிரி ஆய்வில் 93 என்று ஒரு குறியீடு உண்டு. வீட்டு வேலையோடு விறகு, கீரை, கிழங்கு, மாட்டுத்தீனி பொறுக்கி வருகிறவர்கள், வீட்டுக்காகத் தைப்பவர்கள், நெய்பவர்கள் அதில் அடங்குவார்கள். 93 என்றால் உழைப்பாளர் படையில் இல்லை என்று பொருள். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்றொரு ஊர். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அந்த மக்கள், பெரும்பான்மை தலித்துகள், நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவானது. எதிர்த்தார்கள், கைதானார்கள். 'வேலையில்லாத ஊருக்கு வேலை தருகிறோம்' என்றது மறுதரப்பு. அந்த நிலத்தில் விறகு பொறுக்கிய பெண் ஏற்கெனவே புள்ளிவிவரத்தில் வேலையற்றவளாகக்கூட இல்லை, 93. அவளிடமிருந்து ஒரு வேலை பறிக்கப்பட்டது என்று சொல்ல அரசின் மொழியில் சொல் இல்லை. 2013-இல் பத்தொன்பதாவது தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, தன் வீட்டுக்காகப் பொருள் சேகரிப்பதும் ஆக்குவதும்கூட 'வேலை'தான் என்று வரையறையை விரித்தது. தேர்வாய் கண்டிகைக்கு அது காலம் தாழ்ந்து வந்தது.

செங்கல் சூளையைப் பாருங்கள். 2011-இல் நம் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குப் போடுவார்கள். நோட்டில் ஆண் பெயர் ஒன்று. மண் பிசைகிற மனைவியும் கல் திருப்பிப் போடுகிற பிள்ளையும் அந்தப் பெயருக்குள் மறைந்துவிடுவார்கள். மாதிரி ஆய்வோ, ஆறு மாதம் தங்கியிருப்பவர் அல்லது தங்க நினைப்பவரே அந்த வீட்டு உறுப்பினர் என்கிறது. சூளைக் காலம் ஆறேழு மாதம். எந்த ஊரின் வீட்டு வாசலில் இவர்களைக் கேட்பது?

தமிழ் இலக்கணத்தில் புள்ளி பெற்ற எழுத்துக்கு மெய் என்று பெயர். மெய் என்றால் உடம்பு. தானாக ஒலிக்காது, உயிர் வந்து சேர வேண்டும். அரசு மனிதரைப் புள்ளியாக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் புள்ளிகூட வைக்கப்படாதவர்களின் கதி அதைவிட மோசம். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊரடங்கில் ஊருக்குத் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா? தொழிலாளர் அமைச்சகம் சொன்ன பதில், அத்தகைய விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. எண் இல்லை, எனவே சாவு இல்லை, எனவே கடமை இல்லை.

இப்போது எட்டாவது ஷரத்துக்கே திரும்புகிறேன். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. பதினாறு ஆண்டு இடைவெளி. ஒன்பதில் ஒன்றை மட்டும் ஏற்றவர்கள் அந்த ஒன்றையும் இப்படி வைத்திருக்கிறார்கள். இடையில் நடந்த மாதிரி ஆய்வுகள் எல்லாம் 2011-ஐ அஸ்திவாரமாக வைத்தே பெருக்கிச் சொல்லப்படுகின்றன. அதிலும் 2017-18-ஆம் ஆண்டு ஆய்வு வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டியபோது அறிக்கை வெளிவராமல் நின்றது. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். தேர்தல் முடிந்த பிறகு, மே 31-ஆம் தேதி அறிக்கை வெளிவந்தது.

6

நம் வட்டாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே எண்களைப் பற்றி இரண்டு விதமான மனோபாவம் உண்டு. கட்சித் தோழர்கள் அரசின் புள்ளிவிவரத்தை எடுத்து அரசையே அடிப்பார்கள்; அந்த எண் எந்த வாசலில், யார் வாயால் சொல்லப்பட்டு வந்தது என்று கேட்பதில்லை. கோட்பாடு பேசுகிற நண்பர்களோ, எண் என்றாலே அதிகாரத்தின் சொல்லாடல், மனிதரை அடைக்கிற கட்டம் என்று ஒதுங்கிவிடுவார்கள். இரண்டாவது விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பர்னார்டின் ஏடு அதற்குச் சாட்சி. ஆனால் விரல் போனவரிடம் போய், 'அண்ணே, நீங்கள் கணக்கில் வராததே ஒரு விடுதலைதான்' என்று சொல்ல நம்மில் யாருக்காவது தைரியம் உண்டா?

எண்ணப்படுவது ஒரு கோரிக்கையாகவும் இருந்திருக்கிறது. பம்பாயில் குறியீட்டெண் அப்படித் திருத்தப்பட்டது. 1991 கணக்கெடுப்பின் கேள்வி அப்படி மாறியது. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் அமைந்த நல வாரியமும் அதே வகை. வாரிய அட்டை என்பது, 'நான் தொழிலாளி' என்று மேஸ்திரியைக் கேட்காமல் சொல்லிக்கொள்ள ஒரு காகிதம்.

இன்றைக்குச் செய்யக்கூடியது என்ன? பதினாறாவது ஷரத்திலேயே வழி இருக்கிறது. ஏற்ற நாடு பின்னால் எப்போது வேண்டுமானாலும் மற்ற ஷரத்துகளையும் ஏற்பதாகத் தெரிவிக்கலாம். ஒரு கடிதம் போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கடிதத்தை எழுது என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. பதினான்காவது ஷரத்தை ஏற்றுக்கொள் என்பது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் வர வேண்டும். மூன்றாவது ஷரத்து, வரையறை வகுக்கும்போது தொழிலாளர் அமைப்புகளைக் கலந்துபேச வேண்டும் என்கிறது. இது பொதுக்கடமை, இந்தியா ஏற்றுக்கொண்டது. அப்படிப் பேசுவதற்கென்று 1942 முதல் இருந்துவந்த இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015 ஜூலையில் கூடியதோடு சரி. பிறகு பத்தாண்டுகள் கூட்டப்படவே இல்லை. இதை அந்த நிபுணர் குழுவுக்கு எழுத எந்தச் சங்கத்துக்கும் உரிமை உண்டு.

எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் இருந்து பார்த்துத்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். திருவள்ளூர் மாவட்டத்தின் பிரஸ் ஷாப்புகள், உருக்காலைகள், சூளைகள், களங்கள் பற்றி அப்படியொரு பதிவு நம்மிடம் இல்லை. ஒரு தொழிற்பேட்டையில், ஓர் ஆண்டில், எத்தனை பேருக்கு எந்த மெஷினில் என்ன ஆனது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், என்ன எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்கலாம். பெயர் வெளியே போகக் கூடாது, வேலை போய்விடும். தனியாளின் அடையாளத்தைக் காப்பது பற்றி அதே உடன்படிக்கையின் நான்காவது ஷரத்தும் பேசுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசிடம் உள்ள கணக்கைக் கேட்டு வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எத்தனை பேரை மேஸ்திரிகள் ரெக்கார்டு ஆகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது தெரிந்துவிடும். 2027-இல் கணக்கெடுப்பாளர் வேப்பம்பட்டில் நம் வீட்டு வாசலுக்கு வருவார். ஆலை வாசலுக்கு அவர் போகமாட்டார். அது அவர் வேலையும் அல்ல. அங்கே போய் நிற்க வேண்டியது சங்கமும் நாமும்.